பூட்டி வைத்த கணிப்புகள்: ஏடி அண்ட் டி நடத்திய மூன்றரை நாள் தேர்வு

ஆள் எடுக்கும்போது வேலையையே கொஞ்சம் செய்து காட்டச் சொல்வது நமக்குப் பழகிய விஷயம்தான். 'பரோட்டா மாஸ்டர் தேவை' என்று பலகை மாட்டிய கடைக்காரர் வருபவரிடம் சான்றிதழ் கேட்பதில்லை. மாவை எடுத்துக் கொடுத்து, "வீசு, பார்க்கலாம்" என்கிறார். இரண்டு பரோட்டாவிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். ஆனால் மேலாளர் வேலைக்கு எதை வீசச் சொல்வது? அந்த வேலை கைக்குள் அடங்காதது. பாதி நேரம் பேச்சு, மீதி நேரம் காகிதம். செய்த முடிவு சரியா தவறா என்பது தெரியவே வருடங்கள் ஆகும்.

இந்தக் கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டில் கிடைத்த பதில்களில் ஆதாரத்தோடு நிற்பது அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம் 1956இல் தொடங்கிய ஆய்வு. இன்று 'அசெஸ்மென்ட் சென்டர்' (மதிப்பீட்டு மையம்) என்று கம்பெனிகள் நடத்தும் அத்தனைக்கும் அதுதான் மூதாதை. குழு விவாதம், கேஸ் ஸ்டடி, 'இந்த மெயில்களுக்கெல்லாம் என்ன பதில் போடுவீர்கள்' வகைச் சோதனைகள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் அங்கே போய் முடியும். அந்தத் தேர்வின் வடிவத்தைப் பலரும் நகல் எடுத்தார்கள். அதற்கு மதிப்பைத் தந்த முக்கியமான ஒரு வேலையை மட்டும் ஏறக்குறைய யாரும் நகல் எடுக்கவில்லை.

போர்க்காலத்து விதை

கதை ராணுவத்தில் தொடங்குகிறது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மன் ராணுவத்தின் உளவியலாளர்கள் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கச் செயல்முறைச் சோதனைகளை வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கும் அதே தேவை வந்தது. குறுகிய நேர்முகத்தில் தேறி வந்தவர்களில் ஏராளமானோர் பயிற்சிப் பள்ளியில் தேறாமல் திரும்பிக்கொண்டிருந்தார்கள். 1942இல் தேர்வு வாரியங்கள் அமைத்தார்கள். வில்ஃப்ரெட் பியான் போன்ற மனநல மருத்துவர்கள் அங்கே ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். குழுவுக்குத் தலைவர் யார் என்று சொல்லாமல் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஓரமாக நின்று பார்ப்பது.

இந்த விதை நம் பக்கமும் வந்து விழுந்தது. 1943இல் டேராடூனில் இப்படி ஒரு சோதனை வாரியம் அமைந்தது. இன்று ராணுவ அதிகாரியாக விரும்பும் நம் பிள்ளைகள் பெங்களூருக்கோ போபாலுக்கோ போய் ஐந்து நாள் தங்கி எதிர்கொள்ளும் எஸ்எஸ்பி அதன் தொடர்ச்சிதான். கட்டைகளையும் கயிறையும் வைத்துக்கொண்டு தரையில் கால்படாமல் பள்ளத்தைக் கடக்கும் குழுப் பணி, ஆறேழு பேர் ஒரு கயிற்றைப் பாம்பாகத் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயம், ஒருவரைத் தளபதியாக்கித் துணைக்கு ஆள் பொறுக்கச் சொல்லும் 'கமாண்ட் டாஸ்க்' எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். இவற்றுக்கும் கோச்சிங் சென்டர் வந்துவிட்டது வேறு கதை. 'தலைமைப் பண்பு தெரிவதற்கு எந்த இடத்தில் கை தூக்க வேண்டும்' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அமெரிக்காவில் இதை எடுத்தவர்கள் உளவுத்துறைக்காரர்கள், அதாவது சிஐஏவுக்கு முன்னோடியான ஓஎஸ்எஸ். 1943 கடைசியில், வாஷிங்டனுக்குப் பக்கத்தில் வர்ஜீனியாவில் ஒரு பண்ணை மாளிகையை எடுத்து 'ஸ்டேஷன் எஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஹார்வர்டு உளவியலாளர் ஹென்றி மர்ரி அதன் முக்கிய மூளை. வருபவர் தன் பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் மறைத்து ஒரு பொய்க்கதையோடு மூன்று நாளுக்கு மேல் அங்கே வாழ வேண்டும். ராணுவச் சீருடை ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். உடையை வைத்துக்கூட ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

அங்கே நடந்த ஒரு சோதனையைச் சொல்லியே ஆக வேண்டும். மரக் கம்பங்களையும் துளையிட்ட கட்டைகளையும் கொடுத்து ஐந்தடிக் கனசதுரச் சட்டம் ஒன்றைப் பத்து நிமிடத்தில் கட்டச் சொல்வார்கள். 'நீங்கள் கை வைக்க வேண்டாம், இந்த இரண்டு பேரும் உதவுவார்கள், அவர்களை வேலை வாங்குங்கள்' என்பார்கள். அந்த இரண்டு உதவியாளர்களும் உண்மையில் தேர்வுக் குழுவின் ஆட்கள். கிப்பி என்ற பெயரில் வருபவன் சொன்னதைத் தவிர எதுவும் செய்யாமல் நிற்பான், இல்லாவிட்டால் கால் பட்டுக் கட்டியதை இடிப்பான். பஸ்டர் என்பவன் குறை சொல்லியே உயிரை வாங்குவான். 'இதற்கு முன் இந்த மாதிரி வேலை செய்திருக்கிறாயா, பார்த்தால் அப்படித் தெரியவில்லையே' என்று சீண்டுவான். குறித்த நேரத்துக்குள் ஒருவர்கூட அந்தச் சட்டத்தைக் கட்டி முடிக்கவில்லை. முடிக்க விடுவது நோக்கமும் அல்ல. எரிச்சல் தலைக்கேறும்போது ஆள் என்ன ஆகிறான் என்பதைத்தான் பார்த்தார்கள். வந்தவர்களில் சிலர் அடிக்கப் பாய்ந்தார்கள், சிலர் அழும் நிலைக்குப் போனார்கள்.

படிக்கச் சுவையாக இருக்கும். ஓஎஸ்எஸ் இப்படி எல்லா நிலையங்களிலுமாக 5,391 பேரை மதிப்பிட்டது. ஆனால் களத்தில் அவர்கள் செய்த வேலையோடு மதிப்பெண்களை ஒப்பிட்டபோது பொருத்தம் சுமாராகத்தான் இருந்தது. காரணத்தை மர்ரி குழுவினர் தாங்களே 1948இல் வெளிப்படையாக எழுதினார்கள். ஆளை எந்த வேலைக்கு அனுப்பப்போகிறார்கள் என்பது தேர்வாளர்களுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு பணிக்கென்று மதிப்பிட்ட ஆள் களத்துக்குப் போய் வேறு பணி பார்த்தார். அங்கே அவர் எப்படிச் செய்தார் என்று சொல்ல வேண்டிய மேலதிகாரிகளின் அறிக்கைகளும் ஒரே அளவுகோலில் இல்லை. சோதனை பிரமாதம், எதைச் சோதிக்கிறோம் என்பதுதான் மங்கல்.

கம்பெனிக்கு வந்தது எப்படி

அன்று ஏடி அண்ட் டி, பெல் சிஸ்டம் என்ற பெயரில் அமெரிக்காவின் பெரும்பகுதித் தொலைபேசிச் சேவையைக் கையில் வைத்திருந்தது. மேலாளர் என்பவர் உள்ளே இருந்தே வளர்ந்து வர வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். சேர்ந்தவர் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருப்பார். ஆகவே ஒரு மனிதர் இருபது முப்பது வருடத்தில் எப்படி வளர்கிறார், எது அவரை வளர்க்கிறது என்று தெரிந்துகொள்வதில் கம்பெனிக்குப் பணக் கணக்கே இருந்தது. நிர்வாக ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த ராபர்ட் கிரீன்லீஃப் இதில் ஆர்வம் காட்டினார். போரின்போது விமானப் படையின் உளவியல் பிரிவில் வேலை பார்த்த டக்ளஸ் பிரே வந்து சேர்ந்தார்.

பிரே தொடங்கியது ஆள் எடுக்கும் தேர்வு அல்ல, ஓர் ஆய்வு. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 1956 கோடையில் மிச்சிகன் பெல் நிறுவனத்தில் தொடங்கி 1960 வரை, பெல் சிஸ்டத்தின் ஆறு தொலைபேசி நிறுவனங்களிலிருந்து 422 பேரை மதிப்பிட்டார்கள். பட்டம் முடித்து நேரடியாகச் சேர்ந்தவர்கள் 274 பேர். கம்பம் ஏறி, ஒயர் இழுத்து, கீழிருந்து முதல்நிலை மேற்பார்வைக்கு வந்தவர்கள் 148 பேர். அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேரும் வெள்ளையர்கள். அன்றைய பெல் நிறுவனத்தில் மேலாளர் வரிசை அப்படித்தான் இருந்தது.

அந்த மூன்றரை நாள்

பன்னிரண்டு பேராக அழைப்பார்கள். இரண்டு மணி நேரம் நீளும் நேர்முகம், அறிவுத்திறன் தாள்கள், ஆளுமை வினாத்தாள்கள், தன் வாழ்க்கையைப் பற்றிய ஒரு சிறு கட்டுரை என்று வழக்கமான சரக்கும் இருந்தது. புதிதாக இருந்தவை மூன்று பாவனை வேலைகள்.

முதலாவது, மேசைமேல் இருக்கும் தட்டு. ஒரு மேலாளரின் மேசையில் சேர்ந்துகிடக்கும் தபால் தட்டை அப்படியே கொண்டுவந்து வைத்தார்கள். அதில் 25 காகிதங்கள். ஒன்று 'நீங்கள் இல்லாதபோது இன்னார் போன் செய்தார்' என்ற துண்டுச் சீட்டு. இன்னொன்று பக்கம் பக்கமாக நீளும் அறிக்கை. கூடவே தொழிற்சங்க ஒப்பந்தத்தின் பிரதி, அலுவலகத்தில் யாருக்குக் கீழே யார் என்ற வரைபடம், நிர்வாகக் கையேடு. மூன்று மணி நேரம். பதில் கடிதம் எழுதலாம், யாருக்காவது உத்தரவு போடலாம், தனக்கே ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளலாம். 'இப்படிச் செய்வேன்' என்று வாயால் சொன்னால் போதாது, எழுதியாக வேண்டும்.

இது ஏன் நல்ல சோதனை என்று யோசித்தால், அந்தக் காகிதங்கள் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டிருக்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. மேலே கிடக்கும் சீட்டுக்கு உடனே பதில் எழுதிவிட்டு, பத்தாவது காகிதத்துக்கு வரும்போதுதான் அந்தப் பதில் தப்பு என்று தெரிந்தால்? எல்லாவற்றையும் ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுப்பவர் ஒரு ரகம், மேலேயிருந்து வரிசையாக அடித்துத் தள்ளுபவர் இன்னொரு ரகம். சிலர் எல்லாவற்றிலும் 'பேசலாம்' என்று எழுதிக் கீழே தள்ளிவிடுவார்கள். இந்த மூன்று ரகத்தையும் எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். மூன்று மணி நேரம் முடிந்ததும் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்துக் கேட்பார்: இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்? உங்கள் மேலதிகாரியைப் பற்றி என்ன நினைத்தீர்கள்? கீழே இருப்பவர்களைப் பற்றி? இந்தக் கேள்விச் சுற்று இல்லாவிட்டால் தட்டுச் சோதனைக்குப் பாதி உயிர்தான். இன்று கணினியில் நடத்தும் பல கம்பெனிகள் முதலில் கைவிடுவது இதைத்தான். ஆள் செலவு மிச்சமாம்.

இரண்டாவது, ஆறு பேர் சேர்ந்து நடத்தும் விளையாட்டுப் பொருள் கம்பெனி. கிறிஸ்துமஸ் சந்தைக்குப் பொம்மை செய்கிறார்கள் என்று பாவனை. பாகங்களை வாங்க வேண்டும், நிஜமாகவே பூட்டிச் சேர்க்க வேண்டும், விற்க வேண்டும். விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், கையிருப்பு தேங்கும். யார் முதலாளி என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாவது, பதவி உயர்வு விவாதம். ஆறு பேரும் ஆளுக்கொரு ஃபோர்மேனின் கோப்போடு வருவார்கள். 'என் ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டும்' என்று சில நிமிடம் பேசிவிட்டு, ஒரு மணி நேரம் விவாதித்து ஆறு பெயரையும் வரிசைப்படுத்த வேண்டும். தன் ஆளுக்காக வாதாடவும் வேண்டும், குழுவை முடிவுக்கும் கொண்டுவர வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்ப்புறம் இழுக்கும் வேலை.

எல்லாம் முடிந்து ஊழியர்கள் வீட்டுக்குப் போன பிறகு மதிப்பீட்டாளர்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் உளவியலாளர்கள். ஒவ்வொரு ஆளைப் பற்றியும் எல்லா அறிக்கைகளையும் வாய்விட்டுப் படித்து, திட்டமிடும் திறன், முடிவெடுக்கும் திறன், நிச்சயமின்மையைத் தாங்கும் தன்மை என்று இருபத்தைந்து அம்சங்களில் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார்கள். கடைசியில் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதினார்கள். இவர் பத்து வருடத்துக்குள் நடுநிலை மேலாளர் ஆவாரா? ஆக வேண்டியவரா? பெல் நிறுவனத்தில் நடுநிலை என்றால் கீழிருந்து மூன்றாவது படி. 'ஆவார்', 'ஆக வேண்டும்' இரண்டையும் பிரித்துக் கேட்டது புத்திசாலித்தனம். திறமை இருந்தும் மேலே வராத ஆட்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும்.

பூட்டு

அப்புறம் அந்தக் கோப்புகளைப் பூட்டிவிட்டார்கள். மதிப்பிடப்பட்டவருக்குத் தன் முடிவு தெரியாது. அவருடைய மேலதிகாரிக்கும் கம்பெனியின் பெரிய தலைகளுக்கும்கூடத் தெரியாது. பதவி உயர்வுகள் வழக்கமான பாதையில் நடந்தன. இதுதான் நகல் எடுக்கப்படாத வேலை.

ஏன் பூட்ட வேண்டும்? 'இந்தப் பையன் பெரிய ஆளாக வருவான்' என்று அறிக்கை வந்தால் மேலாளர் அந்தப் பையனுக்கு நல்ல வேலைகளைக் கொடுப்பார், அவன் சொதப்பினால்கூட ஏதோ நேரம் சரியில்லை என்பார். ஐந்து வருடத்தில் பையன் மேலே வந்துவிடுவான். தேர்வு சரியாகக் கணித்தது என்று எல்லோரும் கை தட்டுவார்கள். உண்மையில் கணித்ததா, உண்டாக்கியதா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. பூட்டினால் மட்டும்தான் பிரியும்.

1965இல் எடுத்துப் பார்த்தார்கள். அதற்குள் 55 பேர் நடுநிலைக்கு வந்திருந்தார்கள். அவர்களில் 78 சதவீதம் பேரை, 'வருவார்' என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். முதல் படியைத் தாண்டாதவர்கள் 73 பேர். அவர்களில் 95 சதவீதம் பேருக்கு 'வர மாட்டார்' என்றே எழுதியிருந்தது. இந்த இரண்டு எண்களும்தான் அடுத்த இருபது வருடம் எல்லாக் கருத்தரங்குகளிலும் ஒலித்தன.

இதே அட்டவணையை மறுபக்கத்திலிருந்து படித்தால் வேறு எண்கள் வரும். 'வருவார்' என்று எழுதப்பட்டவர்களில் அதுவரை வந்தவர்கள் 42 சதவீதம்தான். 'வர மாட்டார்' என்று எழுதப்பட்டவர்களில் வந்தவர்கள் 7 சதவீதம். இரண்டு வாசிப்பும் உண்மை. ஆள் எடுப்பவருக்குத் தேவைப்படுவது இரண்டாவது வாசிப்பு. ஏனென்றால் அவர் கையில் இருப்பது கணிப்பு, முடிவு அல்ல. 'தேர்வில் தேறிய இவரை எடுத்தால் என்ன வாய்ப்பு' என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்குப் பதில் 78 அல்ல, 42. கெடு பத்து வருடம் என்பதால் சிலருக்கு இன்னும் நேரம் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்படியும் 42க்கும் 7க்கும் உள்ள தூரம் பெரியது. ஆறு மடங்கு. மூன்றரை நாள் பார்த்ததை வைத்து, யாருக்கும் சொல்லாமல் எழுதிய ஒரு வரி ஐந்து முதல் ஒன்பது வருடம் கழித்து இவ்வளவு பொருந்துவது சாதாரணமல்ல. எது எப்படியோ, விற்பனைப் பேச்சில் 78ஐச் சொல்பவரிடம் 42 எங்கே என்று கேட்டுவிடுவது நல்லது.

கணித்தது எதை?

இங்கேதான் எனக்கு இந்த ஆய்வின்மேல் உள்ள பெரிய சந்தேகம். அவர்கள் அளந்த வெற்றி பதவி உயர்வு. நல்ல மேலாளரா என்று அளக்கவில்லை. பதவி உயர்வு என்பது இன்னொரு மேலாளர் எடுக்கும் முடிவு. பெல் நிறுவனத்தில் எந்த மாதிரி ஆளுக்கு மேலே வழி விடுவார்கள் என்று மதிப்பீட்டாளருக்கு ஓரளவு தெரிந்திருந்தால், தெளிவாகப் பேசுபவர், உயரமாகத் தெரிபவர், சண்டை போடாமல் சமாளிப்பவர் என்று அந்த அச்சுக்குப் பொருந்துபவரை அவர் 'வருவார்' என்று எழுதியிருப்பார். கணிப்பு பலிக்கும். ஆனால் பலித்தது திறமையைப் பற்றிய கணிப்பா, கம்பெனியின் விருப்பத்தைப் பற்றிய கணிப்பா? 1977இல் ரிச்சர்ட் கிளிமோஸ்கியும் வில்லியம் ஸ்டிரிக்லண்டும் இந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுப்பினார்கள். பூட்டு இந்தக் கசிவைத் தடுக்காது. கோப்பைப் பூட்டலாம், தலைக்குள் இருக்கும் அச்சைப் பூட்ட முடியாது.

422 பேரும் வெள்ளை ஆண்கள் என்று முன்பு சொன்னதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1970இல் அமெரிக்க சம வேலைவாய்ப்பு ஆணையம் ஏடி அண்ட் டி பெண்களையும் சிறுபான்மையினரையும் ஒதுக்குகிறது என்று எதிர்த்து நின்றது. 1973 ஜனவரியில் சமரச ஒப்பந்தம் வந்தது. அதன்படி, பட்டம் பெற்றும் மேலே போக வழியில்லாமல் இருந்த பெண்களைக் கண்டெடுக்க வேண்டும். அதற்குக் கம்பெனி கையில் எடுத்தது இதே மதிப்பீட்டு முறையைத்தான். வேடிக்கை என்னவென்றால் அது ஓரளவு வேலையும் செய்தது. ஆண்களுக்குக் கணித்த அளவுக்குப் பெண்களுக்கும் கணித்தது என்று 1975இல் ஜோசப் மோசஸும் வர்ஜீனியா போயெமும் காட்டினார்கள். மேலதிகாரியின் சிபாரிசுக்குக் காத்திருந்தால் அந்தப் பெண்களில் பலரின் பெயர் பட்டியலிலேயே வந்திருக்காது. அச்சு கொஞ்சம் கோணலாக இருந்தாலும், ஒரே தட்டை எல்லோர் முன்னாலும் வைத்ததால் கிடைத்த நியாயம் அது.

ஆய்வு தேர்வானபோது

முடிவுகள் வரும்வரை கம்பெனி காத்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1958லேயே மிச்சிகன் பெல் இந்த முறையைத் தொழிலாளர்களிலிருந்து ஃபோர்மேன்களைப் பொறுக்கப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. உளவியலாளர்களுக்குப் பதிலாகக் கம்பெனியின் சொந்த மேலாளர்களைப் பயிற்றுவித்து மதிப்பீட்டாளர்களாக உட்கார வைத்தார்கள். மற்ற பெல் நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பல்லாயிரம் பேர் மதிப்பிடப்பட்டார்கள். 1970இல் பிரேயும் வில்லியம் பைஹமும் சேர்ந்து இதையே தொழிலாக நடத்த ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ஐபிஎம், ஜெனரல் எலக்ட்ரிக், ஜேசி பென்னி என்று பரவியது.

இந்த மையங்களில் அறிக்கை நேராக மேலதிகாரிக்குப் போனது. போயாக வேண்டும், அதற்காகத்தானே நடத்துகிறார்கள். ஆனால் அன்றிலிருந்து சுத்தமான சோதனை என்பது முடிந்துவிட்டது. தேறாதவருக்குப் பதவியே கிடைக்காது என்னும்போது அவர் எப்படிச் செய்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

1982இல் இன்னொரு குழப்பம். பால் சாக்கெட்டும் ஜார்ஜ் டிரெஹரும் மதிப்பெண்களை அலசியபோது, ஒருவரின் 'திட்டமிடும் திறன்' தட்டுச் சோதனையில் ஒரு மாதிரியும் குழு விவாதத்தில் வேறு மாதிரியும் இருந்தது. ஆனால் தட்டுச் சோதனைக்குள் திட்டமிடல், முடிவெடுத்தல், எழுத்து எல்லாம் ஒரே போல் ஏறி இறங்கின. அதாவது மதிப்பீட்டாளர்கள் பார்த்தது 'இவர் தட்டை நன்றாகக் கையாண்டார், குழுவில் சரியில்லை' என்பதை. படிவத்தில் குணங்களின் பெயர்கள் அச்சடித்திருந்ததால் குணங்களாக எழுதினார்கள். என்னைக் கேட்டால் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. காகிதத்தில் புலியாக இருந்துகொண்டு மீட்டிங்கில் வாய் திறக்காத ஆள் எந்த அலுவலகத்தில் இல்லை? எந்த வேலைக்கு எடுக்கிறோமோ அந்த வேலைக்கு நெருக்கமான சோதனையின் மதிப்பெண்ணை மட்டும் நம்பினால் போதும், குணப் பட்டியலை விட்டுவிடலாம்.

எண்களும் காலப்போக்கில் இறங்கின. தேர்வு மதிப்பெண்ணுக்கும் பின்னாளில் செய்த வேலைக்கும் உள்ள பொருத்தத்தை 0 முதல் 1 வரை அளப்பார்கள். 1987இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது மதிப்பீட்டு மையத்துக்கு 0.37 வந்தது. கையால் செய்து காட்டும் வேலை மாதிரித் தேர்வுக்கு 1998இல் ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் கொடுத்த எண் 0.54, எல்லா முறைகளிலும் உச்சம். 2005இல் அது 0.33 ஆனது. 2022இல் சாக்கெட் குழு பழைய கணக்குகளில் ஏற்றிச் சொன்னதைத் திருத்தியபோது வேலை மாதிரிக்கு 0.33, மதிப்பீட்டு மையத்துக்கு 0.29. ஒரே கேள்விகளை எல்லோரிடமும் ஒரே முறையில் கேட்டு மதிப்பெண் போடும் நேர்முகத்துக்கு 0.42. மூன்று நாள் தங்க வைத்து, சாப்பாடு போட்டு, மேலாளர்களை உட்கார வைத்து நடத்துவதற்கு ஒழுங்காகத் தயாரித்த ஒரு மணி நேர நேர்முகம் குறைந்தது சமம் என்பது மனிதவளத் துறைக்கு ஜீரணிக்கக் கஷ்டமான செய்திதான். சும்மா உட்கார்ந்து 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்கும் நேர்முகத்துக்கு இந்த எண் கிடைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர்க் கம்பெனி ஒன்று இதை நடத்தினால்

இப்போது ஐம்பது பேர் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனிகூட 'ஒரு அசைன்மென்ட் அனுப்புகிறோம், வார இறுதிக்குள் முடித்து அனுப்புங்கள்' என்கிறது. இதுவும் பாவனைத் தேர்வுதான். கம்பெனிக்கு நிஜமாகத் தேவைப்படும் வேலையையே இலவசமாக வாங்கிக்கொள்ளும் சிலரும் இதில் உண்டு, அதைத் தேர்வு என்று சொல்லக் கூடாது. நேர்மையாக நடத்துபவர்கள் விஷயத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அசைன்மென்டில் நன்றாகச் செய்தவர் இரண்டு வருடத்தில் வேலையில் நன்றாகச் செய்கிறாரா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எக்ஸெல் கோப்பில் மதிப்பெண் கிடக்கும், ஆள் சேர்ந்த அன்றோடு அதை மறந்துவிடுவார்கள்.

பிரே செய்ததைச் சிறிய அளவில் செய்ய பெரிய செலவு ஆகாது. ஒரு முறை மட்டும், பழைய வழியிலேயே ஆள் எடுத்துக்கொள்ளுங்கள். சேரும் எல்லோருக்கும் புதிய தேர்வை நடத்தி, மதிப்பெண்ணைக் குழுத் தலைவருக்குக் காட்டாமல் ஒருவரிடம் மட்டும் வைத்திருங்கள். ஒன்றரை வருடம் கழித்து, குழுத் தலைவர் தரும் வேலை மதிப்பீட்டோடு ஒப்பிடுங்கள். இருபது முப்பது பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாதுதான். ஆனால் முழுக்கப் பொருந்தாத தேர்வு என்றால் அதிலேயே தெரிந்துவிடும். மதிப்பீட்டைக் கொடுக்கும் குழுத் தலைவரிடம் 'நன்றாகச் செய்வது என்றால் என்ன' என்று முன்பே எழுதி வாங்கிக்கொள்ளவும் வேண்டும். ஸ்டேஷன் எஸ் தடுக்கி விழுந்த இடம் அது.

பெல் ஆய்வில் கணிப்பு தப்பியவர்களைப் பற்றி ஒரு கண்டுபிடிப்பு உண்டு. 1974இல் பிரேயும் ரிச்சர்ட் கேம்ப்பெல்லும் டொனால்ட் கிரான்ட்டும் முதல் எட்டு வருடங்களைத் தொகுத்தபோது, மதிப்பிடப்பட்ட ஆளுக்குப் பிறகு எப்படிப்பட்ட வேலைகள் கொடுக்கப்பட்டன என்பதையும் பார்த்தார்கள். 'வர மாட்டார்' என்று எழுதப்பட்டிருந்தாலும், சவாலான பொறுப்புகளும் முன்மாதிரியான மேலதிகாரியும் அமைந்தவர்களில் பெரும்பாலானோர் நடுநிலைக்கு வந்துவிட்டார்கள். அதே கணிப்போடு சப்பையான வேலைகளில் மாட்டிக்கொண்டவர்களில் மிகச் சிலரே வந்தார்கள். 'வருவார்' என்று எழுதப்பட்டவர்களிலும், வேலை சப்பையாக அமைந்தவர்கள் பின்தங்கினார்கள். நல்ல வேலை யாருக்குப் போனது என்பதில் மேலதிகாரியின் கண்ணும் கலந்திருக்கும் என்பதால் இதை அப்படியே காரணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த மேலதிகாரிகள் யாரும் கணிப்பைப் பார்த்திருக்கவில்லை. ஆகவே கணிப்பு அவர்கள் கையை நடத்தவில்லை என்பது மட்டும் நிச்சயம்.